முழுகாமல் இருக்கிறேன்

என் அண்ணன் மனைவி எத்தனை மாதக் கர்ப்பிணி என்று கணக்குப் பார்த்துச் சொன்னவள் நான்தான். அம்மா சந்தேகப்பட்டாள், அப்பா தலையைக் குனிந்துகொண்டார், அண்ணன் என்னைக் கேட்டான். நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. தல்லாகுளத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பால்காரர் கணக்கு முதல் பக்கத்து வீட்டு ரேஷன் கார்டு வரை, தெருவில் எதில் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் இருந்த கர்வத்தை இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

எங்கள் வீடு கோச்சடையில். வைகையை ஒட்டி அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. அண்ணன் வயலில் இறங்க மாட்டேன் என்று ஐ.டி.ஐ. படித்தான், மின்வாரியத்தில் வயர்மேன் வேலை கிடைத்தது, தூக்கி மேல்மலையில் போட்டார்கள். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, ஒரு கிலோ கேரட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதற்கும் அப்பால் காட்டுப் பாதையில் பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறுகிற ஊர்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் மேல்மலை என்பார்கள். உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மழை வந்து மண் சரிந்தால் அதுவும் கிடையாது.

எழுபதுகளின் பின்பாதியில், ஓர் ஆவணி மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் அவனியாபுரம். வயது இருபது. எட்டாவது வரை படித்தவள், குண்டு குண்டாக எழுதுவாள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். என்னைவிட நாலு வயது இளையவள் என்றாலும் அண்ணன் மனைவி என்பதால் எனக்கு அவள் மதினி. வயதில் மூத்த நாத்தனார் என்பதால் அவளும் என்னை மதினி என்றே கூப்பிடுவாள். ஒரே வீட்டில் இரண்டு மதினி என்று அப்பா கேலி செய்வார். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. உண்மையைச் சொன்னால் எனக்கு அவளையே அவ்வளவாகப் பிடிக்காது. அண்ணன் சம்பளம் வாங்கியதும் எனக்கு ஒரு பேனாவோ புத்தகமோ வாங்கி வருவான். கல்யாணத்துக்குப் பிறகு பை நிறைய அவளுக்கு ஸ்வெட்டர், அவளுக்குக் காலுறை என்று ஆகிவிட்டது. கல்யாணமாகாமல் வீட்டில் இருந்த எனக்கு அது உறுத்தியது.

ஐப்பசித் தொடக்கத்தில் அவளை மலைக்குக் கூட்டிப்போனான். தகரக் கூரை போட்ட இரட்டைக் குவார்ட்டர்ஸ். ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் கல்யாணமாகாத ஒரு லைன்மேன். அவள் பத்து நாளைக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் போடுவாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன், பதிலும் நான்தான் எழுதுவேன். கதவைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, விறகு ஈரமாக இருந்து ஒரே புகை, பக்கத்து அண்ணே பாவம் வந்து விறகு பிளந்து கொடுத்தார்கள் என்றெல்லாம் எழுதுவாள். எல்லாவற்றையும் எழுதிவிடுகிற பெண். எதை எழுதக்கூடாது என்று தெரியாது.

மார்கழி பத்தாம் தேதி வாக்கில் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதம் இன்றைக்கும் என்னிடம் இருப்பதால் அப்படியே எழுத முடிகிறது. “இங்கே பனி ரொம்ப அதிகம். விடிகாலையில் வாளித் தண்ணீர் மேலே ஏடு கட்டி உறைந்து கிடக்கிறது. கையை வைக்க முடியவில்லை. நான் இப்போது முழுகாமல் இருக்கிறேன். அத்தையிடம் சொல்லவும். அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அத்தை சொன்னால்தான் முறை.”

பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டு கட்டாகக் கிடந்த நேரம். சிவப்பு மையோடு உட்கார்ந்திருந்தவள், கடிதத்தை வரிவரியாக வாசிக்காமல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

“ஒன் மருமக குளிருக்குப் பயந்து குளிக்காமக் கெடக்காளாம். மாமியாகிட்டச் சொல்லச் சொல்லியிருக்கா. புருசனுக்குத் தெரியாதாம்.”

அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசி வரியை நான் கேலியாகவே எடுத்துக்கொண்டேன். அவள் எப்போதும் இப்படி ஏதாவது கிறுக்குத்தனமாக எழுதுகிறவள்தானே. அன்று மாலையே பதில் எழுதினேன். இரண்டு வரி நலம், இரண்டு வரி கேலி. போஸ்ட் பண்ணியதோடு மறந்துவிட்டேன். அவள் கடிதத்தைச் சுவரில் தொங்கிய கம்பியில் மற்றக் கடிதங்களோடு குத்தி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் வந்தான். ஆபீஸில் அவனை இரண்டு மாதப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்புகிறார்கள், போகிற வழியில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போக வந்திருந்தான். மதினியையும் கூட்டிவந்து இங்கே விட்டிருக்கலாம். குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடந்தால் வேறு யாருக்காவது ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து அவளை அங்கேயே விட்டுவந்திருந்தான். அம்மா இலையில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏண்டா, ஒம் பொண்டாட்டி குளிக்கிறதே இல்லையாமே?”

அண்ணன் புரையேறச் சிரித்தான். “யாரு சொன்னா? வாரத்துக்கு ஒரு தடவ குளிப்பா. நானே அம்புட்டுத்தான் குளிக்கேன்.”

அத்தனை பேரும் சிரித்தோம். அந்தச் சோற்று இலையின் முன்னால் அவனுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்தி வேறு. அவன் கை கழுவிவிட்டுப் பஸ் ஏறினான். மார்கழி பாதியில் போனவன் மாசிப் பாதிக்கு மேல்தான் மலைக்குத் திரும்பினான். இதற்கு நடுவே மதினியின் கடிதங்கள் குறைந்தன. வந்தவற்றிலும் நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. திருந்திவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் அண்ணன் எழுதினான். அவளுக்கு ஐந்து மாதமாம், ஸ்வெட்டருக்குள் இருந்ததால் எனக்கே தெரியவில்லை, வைகாசியில் வளைகாப்புக்குக் கூட்டிவருகிறேன் என்று. அம்மாவுக்குச் சந்தோஷம் வந்த வேகத்தில் போய்விட்டது.

“அஞ்சு மாசமா? அஞ்சு மாசமா ஒருத்தி வாயத் தொறக்காம இருப்பாளா?” என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “மாசத்தக் கூட்டிச் சொல்றாளா? ரெண்டு மாசம் அவன் ஊர்லயே இல்லையே,” என்றாள். பக்கத்து வீட்டு லைன்மேனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு நன்றாகக் கேட்டது.

வைகாசியில் வந்தார்கள். மதினி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாவின் கண் நேராக அவள் வயிற்றுக்குத்தான் போனது. ஏழாம் மாத வயிறு எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் கேட்டால் கைக்குழந்தை கூடச் சொல்லும். இவள் சேலையை இழுத்துச் செருகினால் வயிறே தெரியவில்லை. முகம் வெளிறி, கால் மட்டும் வீங்கியிருந்தது.

“என்ன மதினி, வயிறு இம்புட்டுக்காணு இருக்கு?” என்று கேட்டேன்.

“மேல்மலையில எல்லாருக்கும் இப்புடித்தான் மதினி. அங்கன பொறக்குற புள்ளைகளே பூனக்குட்டி கணக்காத்தான் இருக்கும். நான் கீழ்நாட்டுக்காரி, எனக்கு இன்னும் சிறுசா இருக்கும்னு அங்கன இருக்க நர்ஸம்மா சொன்னாக. மலைக்குப் புதுசா வந்த பொம்பளைகளுக்குப் புள்ள வளராதாம். சித்திரைக்கு முன்னாடியே கீழ எறங்கிருன்னாக. உங்க அண்ணனுக்குத்தான் லீவு கெடைக்கல.”

அவள் விஞ்ஞானம் பேசினாள். நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன். மலையில் இருந்தால் பிள்ளை வளராதாம், நெல் நாற்றா, தண்ணீர் பாயாமல் வளராமல் நிற்பதற்கு என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. புதுமண்டபக் கடைகளுக்குப் போய் நானே இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தேன். அதற்கு முன் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஸ்கேன் எல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. டாக்டர் அவளைப் படுக்கவைத்து, கையால் அமுக்கி, தொப்புளில் விரலை வைத்துப் பார்த்தார்.

“எத்தனை மாசம்னு சொன்னீங்க?”

“ஏழு,” என்றாள் மதினி.

“கர்ப்பப்பை தொப்புள் மட்டத்துக்குத்தாம்மா வந்திருக்கு. இது அஞ்சு மாசம். நாளைத் தப்பா ஞாபகம் வெச்சிருக்கே.”

“இல்லங்க டாக்டர். மேல்மலையில இருக்கோம். அங்கன…”

“எங்கே இருந்தா என்ன, மாசம் மாசம்தானே,” என்று டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். சத்து மாத்திரை, உப்பைக் குறைக்கவும். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. சமவெளிப் பெண்களின் வயிற்றைப் பார்த்துப் பழகிய கை அது. மலையிலிருந்து இறங்கி வந்த வயிற்றை அந்தக் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் எப்போது புரிந்துகொண்டேன் என்றால், எண்பதுகளின் கடைசியில், பள்ளியில் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை செய்ய வந்த ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது. அவர் மலை ஊர்களில் பல வருடம் வேலை பார்த்த டாக்டர். உயரத்தில் காற்று இளைத்துப் போகிறது, தாயின் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் போய்ச் சேர்வது இன்னும் குறைகிறது, அதனால் நாள் நிறைந்தாலும் எடை நிறைவதில்லை என்றார். தலைமுறை தலைமுறையாக மேலேயே இருக்கிறவர்களின் உடம்பு ஓரளவு பழகிவிடுமாம். கீழிருந்து புதிதாகப் போகிற பெண்கள்தான் அதிகம் சிரமப்படுவார்களாம். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். “நீங்க சொல்ற ஊர் உயரத்துக்கு மட்டுமே இவ்வளவு குறையாது. மூடின அறையில விறகுப் புகை, ரத்தசோகை எல்லாம் சேர்ந்திருக்கும்,” என்று அவர் யோசித்துச் சொன்னார். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்காக என்றேன். பத்து வருடம் கழித்துக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. மேல்மலை நர்ஸம்மா சொன்னதும் எட்டாவது படித்த மதினி சொன்னதும் இதே விஷயம்தான். நான் அப்போது பி.எஸ்ஸி., பி.எட்.

டாக்டர் வீட்டிலிருந்து திரும்பிய அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அம்மா டாக்டர் சொன்னதைச் சொல்லி முடித்திருந்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடியும் எடுத்து உதறினார். மதினி அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்து, “நீ கணக்குப் பாரு,” என்றான்.

அவன் என்னைக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம் வந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் வந்தது உண்மை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் யோசனை அது. நான் எழுந்து சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் போனேன். காலண்டர் எதற்கு, விரலே போதும். வைகாசி, சித்திரை, பங்குனி, மாசி, தை. ஐந்து.

“தை,” என்றேன்.

தை மாதம் முழுக்க அவன் பயிற்சி ஊரில் இருந்தான். பொங்கலுக்குக் கூட வரவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் எதுவும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

மதினிதான் பேசினாள். “ஐப்பசி கடைசியில குளிச்சதுங்க. அதுக்குப் பெறகு இல்ல. நான் லெட்டர்லயே எழுதுனேன்ல மதினி?”

“எப்ப?”

“மார்கழில.”

“மார்கழில குளிரா இருக்குன்னு எழுதுன. வேற ஒண்ணும் எழுதலையே.”

“எழுதுனேன் மதினி. நீங்க பதில் கூட…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். என்னையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவளிடம் நான் பார்த்ததில்லை. பொய் பிடிபட்டதும் விழிக்கிறாள் என்று நான் அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன். கம்பியில் குத்திய கடிதங்கள் என் தலைக்கு ஒரு முழம் தள்ளித்தான் தொங்கின. கையை நீட்டி எடுத்துப் பார்த்திருக்கலாம். வகுப்பில் ஒரு பெண் விடை தப்பு என்று சொன்னால் உடனே திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். அன்றைக்குத் திருப்பிப் போடத் தோன்றவில்லை. எனக்கு விடை பிடித்திருந்தது.

வளைகாப்பு நின்றது. மூன்றாம் நாள் அவனியாபுரத்திலிருந்து அவள் அப்பா வந்தார். அவருக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது அவள் இல்லை. வாங்கிய வளையல்களை அம்மா பரணில் போட்டுவிட்டாள். அண்ணன் தனியாக மலைக்குப் போனான். அவளுடைய பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி அவனியாபுரத்துக்கு அனுப்பிவைத்தான். அதோடு ஒரு கடிதம் கூட வைக்கவில்லை.

ஆடிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். இரண்டு கிலோ கூட இல்லையாம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அம்மா மறுபடியும் விரல் விட்டாள். தையிலிருந்து எண்ணினால் ஆடி ஏழாம் மாதம். “ஏழு மாசத்துப் புள்ள. நான் சொன்னது சரியாப் போச்சா?” என்றாள். ஒன்பதாம் நாள் குழந்தை இறந்துவிட்டது என்று அதே ஆள் வந்து சொன்னார். அதற்கும் அம்மாவிடம் அதே பதில்தான் இருந்தது. ஏழாம் மாதத்துப் பிள்ளை எப்படித் தங்கும் என்றாள். பிறந்ததும் எங்கள் கணக்குக்குச் சாட்சி, செத்ததும் எங்கள் கணக்குக்குச் சாட்சி. அந்தக் குழந்தை வேறு என்ன செய்திருந்தாலும் அதையும் சாட்சியாக்கியிருப்போம்.

புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்து வெள்ளையடித்தோம். கம்பியில் இருந்த கடிதங்களைக் கழற்றிப் பழையவற்றை அடுப்பில் போடுவது என் வேலை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மார்கழிக் கடிதம் வந்தது. பனி, வாளி, ஏடு கட்டிய தண்ணீர். நான் இப்போது முழுகாமல் இருக்கிறேன். அத்தையிடம் சொல்லவும்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம். தீட்டுக் கழிந்து தலை முழுகும் நாள் வரவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் வார்த்தை. மாமியாருக்கு எழுதும்போது வேறு வார்த்தை எழுத மாட்டார்கள். எனக்கு இது தெரியாததில்லை, குழாயடியில் தினமும் காதில் விழுகிற பேச்சு. அவள் தண்ணீரைப் பற்றி எழுதிவிட்டு அடுத்த வரியில் அதை எழுதியிருந்தாள், நான் தண்ணீரோடு சேர்த்து வாசித்துவிட்டேன். அத்தை சொன்னால்தான் முறை என்ற வரியையாவது நின்று வாசித்திருந்தால் போதும். கடிதத்தின் மேல் தபால் முத்திரை தெளிவாக இருந்தது. அண்ணன் பயிற்சிக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்கும் முந்தின தேதி.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், இந்தத் தடவை வரிவரியாக. அம்மா எரிகிற விறகை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு, “இப்ப அத எடுத்து என்னத்துக்குப் படிக்கிற,” என்றாள். அண்ணனுக்கு எழுதினேன். அவன் பதில் போடவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான், வேறு கல்யாணமும் செய்துகொண்டான். அந்தக் கடிதத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

நான் மட்டும், கடிதம் கையில் கிடைத்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனியாபுரம் போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் ஒரு தப்பான வாசிப்பால் வந்தது, இதோ சாட்சி, வா வீட்டுக்குப் போகலாம். அவள் அழுவாள், நானும் அழுவேன், கூட்டிவந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தப்பு செய்தவர்களுக்கு எப்போதும் முடிவு இப்படிச் சுலபமாகத்தான் தெரியும்.

மதினியின் அம்மா கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மதினி உள்ளே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீக்கம் வடிந்து கால் பழையபடி மெலிந்திருந்தது. நான் உட்கார்ந்தேன். கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

“மன்னிச்சுரு மதினி. நான் தப்பா வாசிச்சுட்டேன். நீ குளிருக்குக் குளிக்கலைன்னு எழுதியிருக்கன்னு நெனச்சுட்டேன். நெசமா எனக்குப் புரியல.”

அவள் கடிதத்தை வாங்கவில்லை. “புரியலையா?” என்றாள்.

“சத்தியமாப் புரியல.”

அவள் அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு, என்னிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார். “ஏழு மாசத்துப் புள்ளன்னாகளாமே. மூணாம் நாளே நகம் வெட்டிவிட்டேன் நானு. நகம் அம்புட்டு நீளம். மூஞ்சியக் கீறிக்கிருச்சு. ஆசுபத்திரி நர்ஸே சொல்லுச்சு, முழு மாசத்துப் புள்ள, வளரத்தான் இல்லைன்னு.”

மதினி எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஓர் இன்லேண்ட் லெட்டரை என் மடியில் வைத்தாள். மேலே முகவரி என் கையெழுத்தில் இருந்தது. பள்ளியில் மற்ற டீச்சர்கள் பார்த்து எழுதச் சொல்லும் கையெழுத்து. பிரித்தேன். இரண்டு வரி நலம். அதற்குக் கீழே, “உன் சேதியைக் கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இதெல்லாம் ஒரு சாக்கா? நல்ல வெந்நீராகப் போட்டு உடனே முழுகிவிடு.”

நான் எழுதியது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுதும்போது எவ்வளவு சிரித்தேன் என்பதும் ஞாபகம் வந்தது.

“கலைச்சிரச் சொல்றீகன்னு நெனச்சேன் மதினி,” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. “உங்க அண்ணன் போற வழியில அங்கன வந்தாகள்ல, அவுகளுக்கும் நீங்க சொல்லியிருப்பீக, அவுகளுக்கும் புள்ள வேண்டாம் போலருக்கு, அதான் ஒரு வார்த்த கேக்காம இருக்காகன்னு நெனச்சேன். அதுனாலதான் திரும்பி வந்த பெறகும் சொல்லல. சொன்னா எங்க டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயிருவாகளோன்னு பயம். அஞ்சு மாசம் ஆகட்டும், அதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ஸ்வெட்டரப் போட்டு மறைச்சே வெச்சிருந்தேன்.”

“அன்னைக்கே இந்த லெட்டரக் காட்டியிருக்கலாம்ல?”

“அது பெட்டிக்குள்ள, பெட்டி மலையில இருந்துச்சு. பெட்டி வந்த பெறகும் காட்டல. காட்டினா என்ன? நான் நல்லவதான்னு ஆகும். ஆனா புள்ளையக் கலைக்கச் சொன்ன வீட்டுக்குத்தான திரும்பி வரணும். அதுவும் பதில் போட்டவுகளே நேருக்கு நேரா நின்னு, ஒண்ணும் எழுதலைங்கிறாக. இனிமே யார்ட்டப் பேசன்னு விட்டுட்டேன்.”

அப்படி நினைத்து எழுதவில்லை, கேலிக்கு எழுதினேன் என்று சொல்லவந்தேன். அதைச் சொன்னால் அவளுக்கு என்ன ஆறுதல் என்று தெரியவில்லை. அவள் ஐந்து மாதம் ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்கும் மலையில், புகை மூடிய அறையில், தின்னவும் பிடிக்காமல் கிடந்திருக்கிறாள். குழந்தை வளராமல் போனதில் காற்றுக்கு எவ்வளவு பங்கு, புகைக்கு எவ்வளவு பங்கு, என் இரண்டு வரிக்கு எவ்வளவு பங்கு என்று எந்த டாக்டரும் எனக்குப் பிரித்துச் சொல்லப்போவதில்லை.

“வீட்டுக்கு வா மதினி,” என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் சொன்னேன்.

அவள் தான் எழுதிய கடிதத்தை என் பக்கமே தள்ளினாள். “இது எனக்கு எதுக்கு? நான் எழுதுனது எனக்குத் தெரியும். நீங்க வெச்சுக்கங்க.” பிறகு என் மடியிலிருந்த கடிதத்துக்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கத் தயங்கினேன். கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

“குடுங்க மதினி,” என்றாள். “போட்டோ எடுக்கல. பேரும் வைக்கல. அவளப் பத்தி ஒருத்தர் எழுதுன கடுதாசின்னு எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான்.”

கொடுத்தேன். அவள் அதை மடிப்பு மாறாமல் மடித்து உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தாள். திரும்பி வந்து கீரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.